மூன்று முறை போலீஸுக்குப் போன் செய்த காதலி

தொடர் கொலையாளி ஒருவன் பிடிபட்டதாகச் செய்தி வந்தால், அதைப் படித்து முடிப்பதற்குள்ளேயே நம்மில் பலருக்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது. கூடவே இருந்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே கட்டிலில் தூங்கி எழுந்தவளுக்கே தெரியாது என்றால் யார் நம்புவது? கேட்கும்போது நியாயமான கேள்வியாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் டெட் பண்டி வழக்கை அவனுடைய காதலியின் பக்கம் நின்று படித்தால், அந்தக் கேள்வி தவறான ஆளிடம் போய் நிற்கிறது என்று புரியும். அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தது. மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டு மட்டும் அவர் இருக்கவில்லை. மூன்று முறை போலீஸுக்குப் போன் செய்தார். அதற்குப் பிறகும் அவன் பல பெண்களைக் கொன்றான்.

அந்தப் பெண் எலிசபெத் கெண்டால் என்ற பெயரில் 1981-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. அவரே தேர்ந்துகொண்ட பெயர் என்பதால் இங்கேயும் அதையே வைத்துக்கொள்வோம்.

1969-ல் கெண்டாலுக்கு 24 வயது. யூட்டா மாநிலத்தில், மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்தவர். விவாகரத்து ஆகியிருந்தது, மூன்று வயதுகூட நிறையாத மகள் இருந்தாள். சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்து வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் செயலாளராக வேலை பார்த்தார். அந்த வருடத்தின் பிற்பகுதியில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய சாண்ட்பைப்பர் என்ற மதுக்கடையில் 22 வயது இளைஞன் ஒருவனைச் சந்தித்தார். நன்றாகப் பேசினான், குழந்தையிடம் பிரியமாக இருந்தான். ஊரில் சொந்தபந்தம் இல்லாமல் தனியாகக் குழந்தை வளர்க்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை. சில மாதங்களிலேயே, 1970 பிப்ரவரியில், இருவரும் திருமண உரிமம் வாங்கிவிட்டார்கள். சில நாட்களில் வந்த ஒரு சண்டையில் அவன் அதைக் கிழித்துப் போட்டான். கல்யாணம் நடக்கவில்லை, உறவு மட்டும் தொடர்ந்தது.

வெளியுலகம் அவனைப் பற்றி என்ன நினைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1971-ல் சியாட்டிலில் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி மையத்தில் வேலை பார்த்தான். அங்கே இரவு நேரங்களில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த ஆன் ரூல் ஒரு முன்னாள் போலீஸ்காரர், குற்றச் செய்திகள் எழுதுபவர். அவரும் அவனை அன்பானவனாகத்தான் பார்த்தார். 1972-ல் உளவியலில் பட்டம் வாங்கினான். அதே வருடம் ஆளுநர் டேனியல் எவன்ஸின் தேர்தல் வேலையில் சேர்ந்தான். அடுத்து மாநிலக் குடியரசுக் கட்சித் தலைவர் ராஸ் டேவிஸின் உதவியாளன் ஆனான். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அவன் மதிப்பெண் சுமார்தான். எவன்ஸும் டேவிஸும் கொடுத்த பரிந்துரைக் கடிதங்கள்தான் கதவைத் திறந்துவிட்டன. சியாட்டில் நகரின் குற்றத் தடுப்பு ஆலோசனைக் குழுவிலும் வேலை பார்த்திருக்கிறான். பாலியல் வன்முறையிலிருந்து பெண்கள் தற்காத்துக்கொள்வது எப்படி என்று ஒரு கையேடே அங்கே எழுதினான்.

ஆளுநர், கட்சித் தலைவர், பேராசிரியர்கள், முன்னாள் போலீஸ் அதிகாரி என்று இத்தனை பேரும் நல்லவன் என்று கையெழுத்துப் போட்ட மனிதனைத்தான் கெண்டாலும் நம்பினார். பின்னாளில் 'எப்படித் தெரியாமல் போயிற்று' என்ற கேள்வி ஆளுநரைவிட அவரைத்தான் அதிகம் துரத்தியது.

1974 தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் கல்லூரி மாணவிகள் காணாமல் போக ஆரம்பித்தார்கள். ஏறத்தாழ மாதத்துக்கு ஒருவர். பெரும்பாலும் நீண்ட கூந்தல், நடுவகிடு. சம்பவ இடங்களில் விசாரித்தால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தகவல் வந்தது. கையில் கட்டுப் போட்ட ஒருவன் புத்தகங்களைத் தூக்க முடியாமல் உதவி கேட்டான். காலில் மாவுக்கட்டோடு, ஊன்றுகோல் பிடித்தபடி ஒருவன் பெட்டியைச் சுமக்கத் திணறினான். ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் நின்றிருந்தது. உதவ வந்த பெண்ணின் இரக்கத்தைத்தான் அவன் கண்ணியாக வைத்தான். இந்த வழக்கில் எனக்கு ஆறாத விஷயங்களில் இது முதலாவது.

பிறகு ஜூலை 14. ஞாயிற்றுக்கிழமை. சியாட்டிலுக்குக் கிழக்கே சம்மாமிஷ் ஏரிப் பூங்காவில் ஆயிரக்கணக்கான கூட்டம். பட்டப்பகலில், சில மணி நேர இடைவெளியில், இரண்டு பெண்களை அவன் அங்கிருந்து கூட்டிப் போனான். கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தவன், படகை ஏற்ற உதவி கேட்டு அதற்கு முன்பு வேறு சில பெண்களையும் அணுகியிருந்தான். அவர்கள் காரில் ஏறவில்லை, பிழைத்தார்கள். அவன் தன் பெயரை டெட் என்று சொன்னது சிலர் காதில் விழுந்திருந்தது. பெயர், கார், முகம் எல்லாம் போலீஸுக்குக் கிடைத்தன. அன்று சாயங்காலம் பண்டி கெண்டாலின் வீட்டுக்கு வந்தான். சளி பிடித்து, களைத்துப் போயிருந்தான். இருவரும் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள்.

சாட்சிகள் சொன்னதை வைத்து வரைந்த உருவப்படம் சில நாட்களில் செய்தித்தாள்களில் வந்தது. அதைப் பார்த்து, இது நமக்குத் தெரிந்த டெட் ஆக இருக்குமோ என்று நான்கு பேர் போலீஸுக்குச் சொன்னார்கள். ஆன் ரூல் ஒருவர். அவனுக்குப் பாடம் எடுத்த உளவியல் பேராசிரியர் ஒருவர். மாநில அவசரச் சேவைத் துறையில் அவனோடு வேலை பார்த்தவர் ஒருவர். அந்தத் துறைக்குக் காணாமல் போன பெண்களைத் தேடும் பணியிலும் பங்கு இருந்தது, அங்கேதான் அவன் அந்த வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். நான்காவது ஆள் கெண்டால்.

மற்ற மூவரின் சந்தேகத்துக்கும் கெண்டாலின் சந்தேகத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அவர்களுக்கு முகச்சாயல், பெயர், கார் மட்டும்தான் தெரியும். இவர் வீட்டுக்குள் இருந்ததைப் பார்த்தவர். பண்டியின் அறையில் ஊன்றுகோல்களைப் பார்த்திருந்தார். மாவுக்கட்டுப் போடும் பவுடர் இருந்ததைப் பார்த்திருந்தார். அறுவைச் சிகிச்சைக் கையுறை, சமையலுக்குப் பயன்படுத்தாத கறிவெட்டும் கத்தி, பெண்களின் துணிகள் நிறைந்த ஒரு பை, காரில் மரப்பெட்டிக்குள் வைத்திருந்த ஒரு கத்தி. அவருடைய சொந்தக் காரின் பின்பெட்டியில், பிடியில் பாதிவரை டேப் சுற்றிய வீல் ஸ்பேனர். தன் நீண்ட முடியை வெட்டிக்கொள்ளலாமா என்று அவர் யோசித்தபோதெல்லாம் அவன் வருத்தப்பட்டிருக்கிறான். அவருடைய முடிக்கும் நடுவகிடுதான். ஒரு இரவு அவர் விழித்துப் பார்த்தபோது, போர்வைக்குள் டார்ச் அடித்து அவன் அவர் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை இப்படி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் யாருக்கும் முதுகு சில்லிடும். ஆனால் இவை அவருக்கு அடுக்காக வரவில்லை. ஐந்து வருட வாழ்க்கையில், சம்பள நாள், குழந்தையின் காய்ச்சல், வார இறுதிப் பயணம் இவற்றுக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணமும் இருந்தது. அவன் முன்பு மருத்துவப் பொருள் கடை ஒன்றில் வேலை பார்த்தவன். மாவுக்கட்டுப் பவுடருக்கு அது போதாதா? சின்னச் சின்னத் திருட்டுகள் செய்கிறான் என்று அவருக்குத் தெரியும். புது டிவி எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, வெளியே சொன்னால் கழுத்தை முறித்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறான். ஆக, விசித்திரமாக ஏதாவது தென்பட்டால், இது அந்தத் திருட்டுப் பழக்கமாக இருக்கும் என்று நினைக்க அவருக்கு இடம் இருந்தது. பெரிய குற்றத்தைச் சின்னக் குற்றம் மறைத்தது. இது நாம் அதிகம் யோசிக்காத ஒன்று. ஏதோ சரியில்லை என்று பலருக்கும் தெரிந்துவிடுகிறது. என்ன சரியில்லை என்பதற்கு மட்டும், கைக்கு எட்டுகிற, தாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு பதிலை மனம் எடுத்து வைத்துக்கொள்கிறது. வேறு பெண்ணோடு தொடர்பு, கடன், குடி, திருட்டு. கொலை என்பது அந்தப் பட்டியலில் எவருக்கும் முதலில் வராது. வந்தாலும், நாம்தான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும்.

அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் போன் செய்தார்.

போலீஸ் தரப்பில் அப்போது என்ன நிலைமை? நாளொன்றுக்கு 200 துப்புகள்வரை வந்து குவிந்தன. பீட்டில் காரோ சியாட்டிலில் தெருவுக்குத் தெரு நின்ற கார். முன்னாள் கணவன்மேல் கோபம் உள்ளவர்கள், பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்காதவர்கள், உண்மையாகவே பயந்தவர்கள் என்று எல்லோரும் அழைத்தார்கள். இந்தக் குவியலில் பண்டியின் பெயர் வந்தபோது, பெரியவனான பிறகு குற்றப்பதிவு ஏதும் இல்லாத, சுத்தமாக உடுத்துகிற சட்ட மாணவன் என்று தெரிந்தது. இப்படி ஒருவன் இதைச் செய்திருக்க மாட்டான் என்று ஒதுக்கினார்கள்.

வேலைப் பளுவை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கணினி பரவாத காலம். காகித அட்டைகளில் ஆயிரக்கணக்கான பெயர்கள். ஆனால் பளு மட்டும் காரணம் அல்ல. ஒரு தகவலை எடைபோடும்போது, அதைச் சொல்பவர் எவ்வளவு நெருக்கத்திலிருந்து சொல்கிறார் என்பதைப் பார்த்திருக்க வேண்டாமா? முகம் ஒத்துப்போகிறது என்பவரும், மாவுக்கட்டுப் பவுடரையும் ஊன்றுகோலையும் அவன் அறையில் கண்ணால் பார்த்தேன் என்பவரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டார்கள். போதாததற்கு, காதலி சொன்னால் அதில் கோபமோ பொறாமையோ இருக்கும் என்ற எண்ணம் வேறு. நெருக்கமாக இருந்ததாலேயே அவருக்கு அதிகம் தெரியும். நெருக்கமாக இருந்ததாலேயே அவர் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. கூட வாழ்ந்த பெண்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

அந்த ஆகஸ்டில் பண்டி யூட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க சால்ட் லேக் நகருக்குப் போனான். கெண்டால் சியாட்டிலிலேயே இருந்தார். வாஷிங்டனில் பெண்கள் காணாமல் போவது நின்றது. அக்டோபரில் யூட்டாவில் ஆரம்பித்தது. சால்ட் லேக்கைச் சுற்றிய ஊர்களில் இளம்பெண்கள் காணாமல் போகிறார்கள் என்று தெரிந்ததும், நவம்பரில் கெண்டால் மறுபடி அழைத்தார். இந்த முறை ஓர் அதிகாரி அவரிடம் விரிவாகவே பேசினார். சந்தேகப் பட்டியலில் பண்டியின் இடம் மேலே ஏறியது. ஆனால் ஏரிக்கரைச் சாட்சிகளில் மிக நம்பகமானவர் என்று போலீஸ் கருதியவர், படங்களின் வரிசையில் அவனை அடையாளம் காட்டவில்லை. விஷயம் அங்கேயே நின்றது. டிசம்பரில் கெண்டால் யூட்டாவின் காவல் அலுவலகத்துக்கே நேரடியாக அழைத்துச் சொன்னார். அங்கேயும் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம், 1975 ஜனவரியில், தேர்வு முடிந்து பண்டி சியாட்டிலுக்கு வந்து ஒரு வாரம் கெண்டாலோடு தங்கினான். மூன்று முறை புகார் செய்ததை அவர் சொல்லவில்லை.

அந்த ஒரு வாரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் கொலைகாரனாக இருக்கலாம். இல்லையென்றால், ஒரு நல்லவனைக் கொலைகாரன் என்று போலீஸில் மாட்டிவிடப் பார்த்த துரோகி அவரேதான். போலீஸ் விசாரித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது போலத்தான் அவருக்குப் பட்டது. படித்தவர்கள், துப்பாக்கி வைத்திருப்பவர்கள், மொத்த வழக்கையும் கையில் வைத்திருப்பவர்கள் அவன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், தப்பு தன்னிடம்தானே இருக்க வேண்டும்? அவர் குடித்தார், அழுதார், கடவுளிடம் வேண்டினார். இதையெல்லாம் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். போலீஸ் அவர் சொன்னதைக் கண்டுகொள்ளாததால் நடந்தது இரண்டு. கொலைகாரன் வெளியே இருந்தான். சொன்னவளுக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை போயிற்று. இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

பண்டியைக் கடைசியில் பிடித்தது எந்தத் துப்பும் அல்ல. 1975 ஆகஸ்ட் 16 அதிகாலையில், சால்ட் லேக்கின் ஒரு குடியிருப்புப் பகுதியில் சந்தேகப்படும்படி சுற்றிய காரை நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி பாப் ஹேவர்ட் நிறுத்தினார். உள்ளே முகமூடி, கடப்பாரை, கைவிலங்கு, கயிறு, ஐஸ் உடைக்கும் ஊசி. முந்தைய நவம்பரில் போலீஸ்காரனாக நடித்த ஒருவனின் காரிலிருந்து, ஒரு மணிக்கட்டில் மாட்டிய கைவிலங்கோடு தப்பி ஓடிய 18 வயதுப் பெண் ஒருவர் சொன்ன விவரங்கள் இதோடு ஒத்துப்போயின. கெண்டாலின் பழைய போன் அழைப்பு ஒன்று கோப்பில் இருந்ததும் அப்போது ஒரு துப்பறிவாளருக்கு ஞாபகம் வந்தது. சியாட்டிலுக்கு விமானம் ஏறி வந்து அவரிடம் விசாரித்தார்கள். பெண்கள் காணாமல் போன எந்த இரவிலும் பண்டி அவரோடு இல்லை என்பது அப்போதுதான் உறுதியானது. முதல் அழைப்புக்கும் இந்தக் கைதுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் யூட்டா, ஐடஹோ, கொலராடோ மாநிலங்களில் அவன் கொன்ற பெண்களின் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

ராபர்ட் கெப்பல் என்ற இளம் துப்பறிவாளரின் வேலையை இங்கே சொல்லாமல் விட முடியாது. சம்பளப் பட்டியல் போட மாவட்ட நிர்வாகம் வைத்திருந்த கணினியை வாங்கி, தனித்தனிப் பட்டியல்களை அதில் ஏற்றினார். பீட்டில் கார் வைத்திருப்பவர்கள், டெட் என்று பெயர் உள்ளவர்கள், காணாமல் போனவர்களோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்று பல. நான்கு பட்டியல்களில் பொதுவாக வந்த பெயர்கள் 26. பண்டி அதில் இருந்தான். யூட்டாவில் கைது செய்தி வந்தபோது சியாட்டிலும் அவனை நெருங்கியிருந்தது. தகவல் இல்லாமல் இல்லை, எல்லாம் கையில்தான் இருந்தது. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க ஒரு வருடம் ஆயிற்று.

கைதோடு கெண்டாலின் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தால் அது தவறு. ஜாமீனில் வந்த பண்டி, வழக்கு தொடங்கும்வரை சியாட்டிலில் அவரோடுதான் பெரும்பாலும் இருந்தான். இருவரும் வெளியே போனால் போலீஸ் கார்கள் பின்னால் வந்தன. புகார் கொடுத்தவர் அவரே, தங்க இடம் கொடுத்தவரும் அவரே. முரண்பாடாகத் தெரியும். ஆனால் சந்தேகம் வந்த நிமிடம் அன்பு அணைந்துவிடும் என்று யார் சொன்னது? ஆறு வருடம் பழகிய மனிதன் கண்ணெதிரே இருக்கிறான். அவன் செய்ததாகச் சொல்லும் விஷயமோ கற்பனைக்கு அடங்காதது. எது உண்மையாகத் தோன்றும்? அவன் மறுத்த ஒவ்வொரு முறையும் நம்பிவிட வேண்டும் என்ற ஆசை ஜெயித்தது. இதை அவருடைய பலவீனமாக நான் பார்க்கவில்லை. ஒரு மனிதரை நம்புவதற்கு நாம் வைத்திருக்கும் வழி, கூடப் பழகுவது ஒன்றுதான். அந்த வழியே பொய்யாகும்போது அதற்கு மாற்று எதுவும் நம்மிடம் இல்லை.

1976-ல், கைவிலங்கோடு தப்பிய அந்த 18 வயதுப் பெண்ணைக் கடத்திய வழக்கில் தண்டனை கிடைத்தது. பிறகு கொலராடோவில் கொலை வழக்கு. 1977-ல் ஜூனில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை தப்பினான். இரண்டாவது முறை தப்பியவன் ஃப்ளோரிடா போய், 1978 ஜனவரி 15 அன்று டலஹாசியில் மாணவிகள் விடுதிக்குள் நுழைந்து இருவரைக் கொன்றான், அடுத்த மாதம் 12 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொன்றான். பிப்ரவரி 15-ல் பென்சகோலாவில் பிடிபட்ட பிறகு கெண்டாலை போனில் அழைத்தான். தன்னை ஏதோ ஒரு சக்தி ஆட்டிவைப்பதாகப் பேசினான். அவர் கேட்ட கேள்வி ஒன்றுக்குப் பதிலாக ஒரு சம்பவத்தையும் சொன்னான். ஓர் இரவு அவர் குடித்துவிட்டுத் தூங்கும்போது, கணப்படுப்பின் புகை வெளியே போகாதபடி மூடியை அடைத்து, கதவு இடுக்கில் துண்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். புகை மூட்டத்தில் விழித்து, இருமி, ஜன்னலைத் திறந்து தப்பிய அந்த இரவு அவருக்கு நினைவிருந்தது. இத்தனை நாளும் அதை அவர் தற்செயல் என்றே வைத்திருந்தார்.

இந்த இடத்தில் இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். கெண்டாலையும் அவரையும் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். கரோல் ஆன் பூன், அவசரச் சேவைத் துறையில் பண்டியோடு வேலை பார்த்தவர். அவன் நிரபராதி என்று நம்பி ஃப்ளோரிடாவுக்கே குடிபோனார். 1980 பிப்ரவரியில் ஆர்லாண்டோ நீதிமன்றத்தில் அந்தச் சிறுமியின் கொலைக்கான தண்டனை பற்றிய விசாரணை நடக்கும்போது, சாட்சிக் கூண்டில் இருந்த அவரிடம் பண்டி திருமணம் கேட்டான், அவர் சம்மதித்தார். நீதிபதி முன்னிலையில் இருவரும் அறிவித்தால் அது செல்லும் என்று ஃப்ளோரிடாவில் ஒரு பழைய சட்டம் இருந்தது. பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1986-ல் பூன் விவாகரத்து செய்துவிட்டு விலகினார். குற்றம் சுமத்தப்பட்ட பிறகு தெரிந்தே ஒருவனைத் தேர்ந்துகொள்வது வேறு விஷயம். விசாரணையைப் பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்த இளம்பெண்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அந்த வெளிச்சத்தில், எதுவும் தெரியாமல் காதலித்து, தெரிய ஆரம்பித்ததும் போன் எடுத்த பெண்ணையும் ஒரே பையில் போட்டுவிட்டார்கள். கொலைகாரனை விரும்பும் பெண்கள் என்று ஒரு தலைப்பு, எல்லோருக்கும் அதே முத்திரை.

அறிகுறியே இல்லாத வழக்குகளும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே சியாட்டில் பகுதியில், கிரீன் ரிவர் கொலைகள் என்று பேர்பெற்ற வழக்கில், கேரி ரிட்ஜ்வே 2003-ல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். பெரும்பாலானவை 1980-களின் முதல் பாதியில் நடந்தவை. லாரிக் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் வேலை, ஒழுங்காக வீடு திரும்பும் ஆள். 1988-ல் அவனை மணந்த மூன்றாவது மனைவிக்கு அவன் சத்தம் போடாத, பிரியமான கணவன். போலீஸ் 1984-லேயே அவனைப் பொய்யறியும் சோதனைக்கு உட்படுத்தியது, அவன் தேறிவிட்டான். 1987-ல் எடுத்த உமிழ்நீர் மாதிரியை டிஎன்ஏ தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு, 2001-ல் பொருத்திப் பார்த்துத்தான் பிடித்தார்கள். கருவிகளுக்கே தெரியாதது அந்த மனைவிக்கு எப்படித் தெரியும்? கான்சாஸில் பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர், 2005-ல் பிடிபட்டபோது தன் தேவாலயக் குழுவின் தலைவன். 34 வருட மணவாழ்க்கை. கைதான சில மாதங்களில் அவன் மனைவி அவசர விவாகரத்து கேட்டார். வழக்கமான காத்திருப்புக் காலத்தை நீதிபதி தள்ளுபடி செய்து உடனே கொடுத்தார். அந்த நீதிபதிக்கு நிலைமை புரிந்திருக்கிறது.

எல்லாருக்கும் அப்படிப் புரிவதில்லை. இங்கிலாந்தில் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்க்ளிஃப் வழக்கில், போலீஸ் அவனையே ஒன்பது முறை விசாரித்துவிட்டு விட்டிருந்தது. கொலைகாரன் நான்தான் என்று யாரோ அனுப்பிய போலி ஒலிநாடாவை நம்பி, சண்டர்லாந்து பக்கத்துப் பேச்சு வாடை இல்லாதவர்களை ஒதுக்கினார்கள். தாக்குதலிலிருந்து தப்பிய பெண்கள் சொன்ன அடையாளங்கள் அவனுக்கு நன்றாகப் பொருந்தியிருந்தன, அவற்றுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. முகம் தெரியாத ஓர் ஆணின் குரல், அடிபட்டு நேரில் பார்த்த பெண்களின் சொல்லைவிடக் கனமாகிவிட்டது. அவன் பிடிபட்டதும் மனைவிக்குத் தெரிந்திருக்கும் என்ற பேச்சு பல வருடம் ஓடியது. கணவனின் பேரை வைத்துக் காசு பார்க்கிறார் என்ற பொருளில் எழுதிய பத்திரிகைமேல் அவர் வழக்குப் போட்டார். 1989-ல் நடுவர் குழு 6 லட்சம் பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, மேல்முறையீட்டுக்குப் பிறகு அது 60,000 ஆனது. தொகையைவிட, ஒரு மனைவி தன் பெயருக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதுதான் முக்கியம்.

மறுபடி பண்டி. 1979-ல் மயாமியில், டலஹாசி விடுதிக் கொலைகளுக்கு மரண தண்டனை விதித்த நீதிபதி எட்வர்ட் கோவர்ட், தீர்ப்பு வாசித்த கையோடு அவனிடம் கனிவாகப் பேசினார். நீ புத்திசாலிப் பையன், நல்ல வக்கீலாக வந்திருப்பாய், உன்மேல் எனக்கு வன்மம் இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள் என்ற பொருளில். அந்தப் பேச்சு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எனக்கு அதைப் படிக்கும்போது கோபம்தான் வருகிறது. முதலில், சட்டப் படிப்பில் அவன் நல்ல மாணவனே அல்ல. வாஷிங்டனில் சேர்ந்த முதல் சட்டக் கல்லூரியில் 1974 ஏப்ரல் வாக்கில் வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டவன். மேதை, வசீகரன், யாரும் கண்டுபிடிக்க முடியாத மாயாவி என்ற கதை அவனுக்குப் பிறகு ஊதிப் பெருக்கப்பட்டது. அந்தக் கதையால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், வந்த தகவலைக் கோட்டை விட்டவர்களுக்குத்தான். மாயாவியைப் பிடிக்க முடியாததில் போலீஸ் மேல் என்ன தப்பு இருக்கிறது? ஆனால் உண்மையான பெயரில், சொந்தக் காரில், சொந்த முகத்தோடு திரிந்தவனை நான்கு பேர் சரியாக அடையாளம் சொன்னார்கள் என்று எழுதினால் கதை வேறு மாதிரி ஆகிவிடும்.

1989 ஜனவரி 24 அன்று ஃப்ளோரிடாவில் மின்நாற்காலியில் தண்டனை நிறைவேறியது. அதற்கு முந்தைய நாட்களில் 30 கொலைகளை ஒப்புக்கொண்டிருந்தான்.

கெண்டால் 1981-ல் புத்தகம் எழுதிய பிறகு பல வருடம் வெளியே பேசவில்லை. குடியை நிறுத்தி, அமைதியாக வாழ்ந்தார். பண்டியை மையமாக வைத்துப் படங்களும் தொடர்களும் வந்துகொண்டே இருந்தன. 2020-ல் அந்தப் பழைய புத்தகம் புதிய பகுதிகளோடு மீண்டும் வெளிவந்தது, அவரும் ஓர் ஆவணத் தொடரில் முகம் காட்டிப் பேசினார். வளர்ந்துவிட்ட மகள் அந்தப் பதிப்பில் ஓர் அத்தியாயம் எழுதினார். தன்னை மகளைப் போலக் கொஞ்சியவன் சிறுவயதில் தன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததையும் அதில் சொன்னார். 1981-ல் தாய்க்கே தெரியாமல் இருந்த விஷயம் அது. ஒரே வீட்டில் இருந்தவர்களிடம் ஒரே மனிதன் எத்தனை விதமாக மறைந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

காவல் துறைகள் இந்த வழக்குகளிலிருந்து கற்றது கொஞ்சம் உண்டு. ஒரு மாநிலத்துக் கொலையை இன்னொரு மாநிலத்துக் கொலையோடு ஒப்பிட 1985-ல் எஃப்பிஐ 'வைகேப்' என்ற தேசியத் தரவு அமைப்பைத் தொடங்கியது. சட்க்ளிஃப் வழக்கின் அட்டைக் குவியலில் அடிபட்ட பிரிட்டிஷ் போலீஸ், 1980-களின் நடுவில் 'ஹோம்ஸ்' என்ற கணினி முறைக்கு மாறியது. துப்புகள் தொலையாமல் இருக்க இரண்டுமே உதவுகின்றன. ஆனால் அந்தக் கணினிக்குள் ஒரு தகவல் போவதற்கு முன், போனை எடுக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். எதிர்முனையில் ஒரு பெண் தன் கணவனைப் பற்றியோ காதலனைப் பற்றியோ தயங்கித் தயங்கிப் பேசுகிறாள். பாதியில் நிறுத்துகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம் என்கிறாள். அந்தத் தயக்கத்தைப் பார்த்து இவள் சொல்வதில் விஷயம் இல்லை என்று முடிவு செய்வது 1974-ல் மட்டும் நடந்த தவறு அல்ல. நேசிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வருபவர் தயங்காமல் எப்படிப் பேசுவார்? அழைப்பை எடுக்கும் காவலருக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித் தர வேண்டியது இதைத்தான்.